சிந்தாமணி பிடித்த ஃப்ளைவீல்

சங்ககிரியில் மலைக்கோட்டைக்குக் கீழே, பவானி ரோட்டிலிருந்து கிழக்கே உள்வாங்கிப் போகும் கரட்டடிச் சந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி வேகும் நேரத்துக்கும் கறிக்கடையில் கூட்டம் கலையும் நேரத்துக்கும் நடுவில், தெற்கே பார்த்த வீடுகளெல்லாம் கிழக்கே பார்க்கும்படியும் வடக்கே பார்த்த வீடுகளெல்லாம் மேற்கே பார்க்கும்படியும் திரும்பி நின்றதற்கு, சிந்தாமணி அக்கா பிடித்ததை விடாத பெண் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நிலநடுக்கம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். நிலம் நடுங்கியிருந்தால் என் வீட்டு அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் விழுந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட விழவில்லை. அவை விழுந்ததெல்லாம் பிற்பாடு, ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பிடித்தபோதுதான்.

நான் எதிர்வரிசைக்காரன். எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுவது என் வேலை. வடக்கு பார்த்த வீடாகத் தேடித் தேடி வாங்கி, வாசலில் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் படாது என்ற ஒரே சுகத்தை அனுபவித்துக்கொண்டு இருந்தவன். ஆகவே இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அங்கங்கே கொஞ்சம் காரம் ஏறினால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டுக்கு ஒரு லாரியாவது இருக்கும், லாரி இல்லாவிட்டால் லாரி ஓட்டியவராவது இருப்பார், அவரும் இல்லாவிட்டால் லாரிக்கு பாடி கட்டியவராவது இருப்பார், ஆகவே கையும் காலும் நன்றாக இருக்கும்போது சொந்த வண்டிக்கு கிளட்ச் மாற்ற மெக்கானிக்கிடம் விடுவது என்பது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் போய்த் தட்டை நீட்டுவதைப் போல. வாசலிலேயே வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கி, தானே மாற்றிக்கொள்ள வேண்டும். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும். பார்க்கிறவர் ஒவ்வொருவரும் யோசனை சொல்வார், வேலை செய்கிறவர் ஒருவருடைய யோசனையையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், கடைசியில் வண்டி கிளம்பியதும் எல்லோரும் தாங்கள் சொன்னபடி செய்ததால்தான் கிளம்பியது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. கியர்பாக்ஸை இறக்கியதும் உள்ளே ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் தெரியும். அதன் மேல் ஒரு மூடியை ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், மூடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில்தான் கிளட்ச் பிளேட் இருக்கிறது. போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட் கழலாது, சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஆகவே ஒருவர் நீளமான திருப்புளியைச் சக்கரத்தின் பல்லில் கொடுத்து, அது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பிடிப்பதற்கு எங்கள் ஊரில் இரண்டு கட்டுப்பாடு. பிடிக்கிறவர் வண்டிக்காரர் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பிடி நழுவினால் ஸ்பேனர்காரரின் விரல் முட்டி பெயர்ந்துவிடும், வெளியாள் பிடித்து முட்டி பெயர்ந்தால் அந்தப் பகை பேரன் காலம்வரை ஓயாது. இன்னொன்று, ஸ்பேனர்காரர் வாயைத் திறந்து 'உடு' என்று சொல்லாமல் பிடித்தவர் கையை எடுக்கக் கூடாது.

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் வடநாட்டுக்கு லாரி ஓட்டி ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு வந்தவர். வந்தவர் ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, இடுப்பு வலியோடு கட்டிலில் படுத்துவிட்டார். சும்மா நின்ற வேனை, நாற்பது வயதைத் தாண்டிய அவர் சம்சாரம் சிந்தாமணி அக்கா சந்தின் கடைசியில் இருக்கும் கடலைக் குடோன் மைதானத்தில் தானாகவே ஓட்டிப் பழகினார். பழகும்போது குடோன் சுவரில் முட்டிய குழி இன்னும் இருக்கிறது, விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவோம். பிறகு முறைப்படி லைசென்ஸ் வாங்கி, தெருவிலிருந்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிப் போய் இறக்கி, சாயங்காலம் ஏற்றி வர ஆரம்பித்தார். என் வீட்டுக்காரியும் அதில்தான் போகிறாள். வேனில் ஏறியதும் அவர்கள் பேச ஆரம்பிக்கும் பேச்சும் சிரிக்கும் சிரிப்பும் பவானி ரோடு திரும்பும்வரை எனக்குக் கேட்கும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வேன்தான் ஒரு நாள் ரயில்வே மேம்பாலத்தில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை, கருகின வாசனை அடித்தது, பெண்கள் இறங்கி நடந்தார்கள். கிளட்ச் பிளேட்டைத் தின்றது யார் என்பதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வாக்குவாதம். இடது காலை கிளட்ச் மிதியின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினால் எந்த பிளேட்தான் தாங்கும் என்றார் அண்ணன். வாங்கும்போதே பாதி தேய்ந்துபோனதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தது யார் என்றார் அக்கா. மாற்றியாக வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது, ஆனால் காரணம் வேறு வேறு. அக்காவுக்கு மறுநாள் பெண்கள் மில்லுக்குப் போக வேண்டும். அண்ணனுக்கு வேனை விற்க வேண்டும்.

வேனை மட்டுமல்ல, வீட்டையும். ஓசூரில் இருக்கும் மகன் கிருபாகரன், மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருப்பதாகவும், அப்பாவும் அம்மாவும் இங்கே இருப்பதை விற்றுவிட்டு வந்துவிட வேண்டும் என்றும் ஃபோனில் சொல்ல, அண்ணன் ஃபோனிலேயே சரி என்று சொல்லிவிட்டார். அக்காவைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்ற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது, கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் பொன்னுரங்கம் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் தெற்கு பார்த்த வாசல் தன் ராசிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அக்கா பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேனுக்கு அடியில் படுத்தார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்ன முக்காலியில் உட்கார்ந்து, திருப்புளியைப் பல்லில் கொடுத்தார்.

"கெட்டியாப் பிடி. நான் சொல்ற வரைக்கும் உடாத."

"நீங்க சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

துருப்பிடித்த போல்ட், அசையவில்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். போல்ட் திரும்ப மாட்டேன் என்றது, ஃப்ளைவீலை அக்கா திரும்ப விட மாட்டேன் என்றார், அண்ணனும் அழுத்துவதை நிறுத்த மாட்டேன் என்றார், மூன்று பேரில் ஒருவரும் விட்டுக்கொடுக்காதபோது யாராவது ஒருவர் திரும்பித்தானே ஆக வேண்டும், தெரு திரும்பியது. கேட்டின் நிழல் மெல்ல நகர்ந்து கோலத்தின் மேல் ஏறியது. அதுவரை என் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிகிற புளியமரம் ஜன்னலுக்கு வந்தது. மின்கம்பமும் திரும்பியது, கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்காயும் உட்கார்ந்தபடியே திரும்பியது. அதன் பிறகுதான் போல்ட் டக்கென்று இளகியது.

இரண்டாவது போல்ட்டுக்குள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் பெரிய வண்டி எது திரும்பினாலும் கூட நின்று வழி சொல்வதுதான் பழக்கம். பக்கத்து வீட்டு லாரி புக்கிங் ஆபீஸ் குப்பண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து தெரு நடுவில் போய் நின்றார். தெற்கு பார்த்த வாசலோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர் அவர், நிலைக்கு மேலே கண்ணாடி, அதற்குமேல் பூசணிக்காய், பக்கத்தில் படிகாரம், லாடம், எலுமிச்சை என்று கட்டிக் கட்டி அவர் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். சூரியன் தன் வாசலை நோக்கி வருவதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கி, லாரியைப் பின்னால் எடுக்கிற டிரைவருக்குச் சொல்கிற மாதிரி, வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும் என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தார். ஆறாவது போல்ட் இளகும்போது கிழக்கே இருந்த வெயில் அவர் நிலைக்கதவில் நேராக விழுந்தது. வண்டியை நிறுத்தச் சொல்வதைப் போல ஹோல்டான் என்று கத்திவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் வேனுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, தன் வீடு கிழக்கே பார்த்து நிற்பதைக் கண்டு, ஓடிப்போய் வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் பார்த்துவிட்டு, பொன்னுரங்கத்தைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். அக்காவிடம் 'உடு' என்று சொல்ல மறந்துபோனார்.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. பவானி ரோட்டில் திறந்துகொண்டிருந்த சந்தின் வாய் இப்போது தெற்கே ஒரு கடலைக் காட்டில் போய்த் திறந்தது, பால்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் வரப்பு வழியாக சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். காட்டுக்காரர் மட்டும் செடியை மிதிக்காமல் போங்கள் என்று ஒரு கயிறு கட்டினார். குழாய்த் தண்ணீர் காலமெல்லாம் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நின்றுவிடும், இப்போது கடைசி வீடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டதால் முதலில் அங்கேதான் வந்தது, அந்த வீட்டுக்காரர்கள் தெருவில் நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். கம்பத்தைப் பார்க்க வந்த லைன்மேன் கரண்ட் வருகிறதா என்று கேட்டார், வருகிறது என்றோம், அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குப்பண்ணன் பூசணிக்காயை இறக்கினார், கண்ணாடியைக் கழற்றினார், நெடுநாளாக இருந்த வாயுத் தொல்லைகூடப் போய்விட்டது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். எங்கள் வரிசையில் மட்டும் சாயங்கால வெயில் நேராக உள்ளே வந்து டிவியின் மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளாக நான் செய்தியைக் காதால்தான் கேட்டேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில், அக்கா கையை எடுத்தால் தெரு பழையபடி திரும்பிவிடும் என்ற பயத்தைக் குப்பண்ணன் கிளப்பிவிட்டார். உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது, சோதித்துப் பார்க்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. திருப்புளியைக் கயிற்றால் கட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், கட்டுப்பாட்டில் கயிறு வராது என்று இன்னொருவர் சொன்னார். அண்ணன் 'உடு' என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெற்கு வரிசைக்காரர்கள், அதாவது கிழக்கு வரிசைக்காரர்கள், முறை போட்டு உட்கார்ந்தார்கள். தூக்கத்தில் உளறிவிடப் போகிறார் என்று அவர் கட்டிலைக் கொல்லைப்பக்கம் மாற்றிப் போட்டார்கள்.

அக்காவும் விடவில்லை. முக்காலியிலேயே உட்கார்ந்து, வேனில் சாய்ந்து தூங்கி, நான்கு வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை என் வீட்டுக்காரி ஊட்டச் சாப்பிட்டு, பிடித்தது பிடித்தபடி இருந்தார். புது பிளேட்டைக் கொண்டுவந்து மாட்டுங்கள் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிளேட் இன்னும் சேலத்திலிருந்து வரவில்லை என்றார் அண்ணன். பிளேட் அட்டைப்பெட்டியோடு அவர் கட்டிலுக்கு அடியில் இருப்பது தெருவுக்கே தெரியும், வாங்கி வந்த அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் திறந்து காட்டிவிட்டுத்தானே உள்ளே போனார். அவர் ஏன் மறைக்கிறார் என்பதும் தெரியும். கழற்றும்போது இடப்பக்கம் திரும்பிய தெரு, இறுக்கும்போது வலப்பக்கம் திரும்பி, வாசல் மறுபடி தெற்கே போய்விடும். பொன்னுரங்கம் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அக்கா குளிக்கவும் கொள்ளவும் எழுந்து போகிற கொஞ்ச நேரம், வீட்டு ஆள் என்ற முறையில் அண்ணன்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் பிடி அவ்வளவு உறுதி இல்லை. தெரு லேசாக இப்படியும் அப்படியும் ஆடியது. கிணற்றில் தண்ணீர் தளும்பியது, ஊஞ்சலில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள், என் கண்ணாடி டம்ளர்கள் அப்போதுதான் விழுந்தன. குப்பண்ணன் அக்கா வீட்டுக் குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு, அம்மிணி சீக்கிரம் வாங்க, அம்மிணி சீக்கிரம் வாங்க என்று கெஞ்சினார். திரும்பி வந்து அக்கா பிடியை வாங்கிக்கொண்டதும் அண்ணன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். இரண்டிலும் கொப்புளம் வந்திருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அவர் பிடித்திருக்க மாட்டார்.

மில் பெண்கள் அந்த நாட்களில் விடியும் முன்பே எழுந்து, கடலைக் காட்டு வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, சுற்றிப் போய் பஸ் பிடித்தார்கள். வாஸ்து வந்த சந்தோஷத்தில் முதல் நாள் அது பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் கால் முழுக்கச் சேறோடு வந்த என் வீட்டுக்காரி நேராக அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். ஓசூருக்குப் போனால் மகன் கூடவே இருக்கலாம், வேலை செய்யாமல் நிம்மதியாக இருக்கலாமே என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"மூணாவது மாடி புள்ள. வேனை நான் பால்கனியிலயா ஓட்டறது?"

அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாராம், கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றதாம். இவள் வந்து என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா போய்விட்டால் நாங்கள் எல்லாரும் என்ன செய்வது என்று கேட்டாள். எனக்கு டிவிதான் கவலையாக இருந்தது, அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி கிழக்கு வரிசை வீடுகளிலும் பெண்கள் ஒரு கட்சி, ஆண்கள் ஒரு கட்சி ஆனார்கள். குப்பண்ணனின் மருமகளும் அந்த வேனில்தான் போகிறவள், அவள் மாமனாருக்கு ரசத்தில் உப்பைக் கூட்டிவிட்டாள் என்று கேள்வி.

புதன்கிழமை காலையில் பொன்னுரங்கம் மனைவியோடு வந்தார். காரைக் கடலைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நடந்து வந்தார். ஒரு கையில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு தட்டு, இன்னொரு கையில் பித்தளைத் திசைகாட்டி. வாசற்படியில் நின்று திசைகாட்டியைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். சுத்தமான கிழக்கு. இனிமேல் பார்க்க ஒன்றும் இல்லை, தட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். அண்ணன் கையை நீட்டினார். பொன்னுரங்கம் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்து பிடிங்க. ஊட்டுக்காரம்மா கை படாத ஊடு எனக்கு ஆகாதுங்க."

அதில் தவறு ஒன்றும் இல்லை, எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா இரண்டு கையாலும் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பிடித்துக்கொள்ளட்டும், அக்கா தட்டை வாங்கட்டும் என்று குப்பண்ணன் யோசனை சொன்னார். அப்படியென்றால் தட்டில் அண்ணன் கை எங்கே என்று பொன்னுரங்கம் கேட்டார். அண்ணன் அக்காவிடம் போய், ஒரு நிமிஷம் வந்து தட்டைப் பிடித்துவிட்டுப் போ என்றார்.

"எனக்கு இருக்கறது ரெண்டு கைங்க. இதைப் பிடிச்சா அதைப் பிடிக்க முடியாது. எதைப் பிடிக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க. உடுன்னு சொன்னீங்கன்னா உட்டர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பதைப் போல சாதாரணமாகத்தான் சொன்னார். குப்பண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. அவர் மருமகளும் என் வீட்டுக்காரியும் மற்ற பெண்களும் மில்லுக்குப் போகாமல் சாப்பாட்டுக் கூடையோடு வேனுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தார். அப்போது அவர் பார்வை அக்காவின் கையில் விழுந்ததை நான் பார்த்தேன். கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து, அதன் மேல் மறுபடியும் வந்திருந்தது. அவர் தன் கையை ஒரு முறை மூடித் திறந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு ஓசூருக்கு வரோணும்னு இருக்குதா புள்ள?"

"இப்பத்தான் கேக்கறீங்க," என்றார் அக்கா. திருப்புளியில் பிடியைச் சரிசெய்துகொண்டு, "இல்லீங்க," என்றார்.

அண்ணன் எழுந்து வீட்டுக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியோடு வெளியே வந்து, தட்டோடு நின்ற பொன்னுரங்கத்திடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, புது பிளேட்டைப் பொருத்தி, ஸ்பேனரை எடுத்தார்.

"கெட்டியாப் பிடி."

அக்கா பிடித்த பிடியில் திருப்புளியே கொஞ்சம் வளைந்தது. முதல் போல்ட் இறுகும்போது தெரு கிளம்பியது. இந்த முறை எங்கள் வரிசைக்காரர்கள் எழுந்து நின்று, வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும் என்று சத்தம் கொடுத்தோம். என் குரல்தான் எல்லோருடையதையும்விட ஓங்கிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள், கேட்டிருக்கும். பொன்னுரங்கம் வாசற்படியை விட்டு இறங்கத் தோன்றாமல், படியோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே, திசைகாட்டியின் முள் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி தட்டிலிருந்து தேங்காய் உருண்டு விழாமல் பிடித்துக்கொண்டார். குப்பண்ணன் தன் நிலைக்கதவிலிருந்து வெயில் விலகிப் போவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, பூசணிக்காயை எங்கே வைத்தாய் என்று மருமகளிடம் கேட்டார். எறிந்துவிட்டேன் என்றாள் அவள்.

ஆறாவது போல்ட்டைப் புது போல்ட் என்பதால் அண்ணன் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கினார், அதில் தெரு தெற்கைத் தாண்டி மேற்குப் பக்கம் ஒரு பிடி அதிகமாகத் திரும்பிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, என் வீட்டு வாசலும் அதனால் ஈசானியத்தைப் பார்த்தாற்போல அமைந்து ரொம்ப விசேஷம் என்கிறார்கள். அண்ணன் வேனுக்கு அடியிலிருந்து, "உடு," என்றார். தெருவே கண்ணை மூடிக்கொண்டது. அக்கா கையை எடுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. தெரு ஒரு நூல்கூட நகரவில்லை. ஃப்ளைவீல் சும்மா கிடந்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையே விட்டிருக்கலாமே, இத்தனை நாள் காவல் இருந்தோமே என்று ஒருவர் கேட்டார், குப்பண்ணன் அவரை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பொன்னுரங்கம் தட்டை மனைவியிடமே கொடுத்து, வந்த வழியே போகப் பார்த்தார், சந்து பவானி ரோட்டுக்கே திரும்பிவிட்டதால் கார் எங்கேயோ கடலைக் காட்டுப் பக்கம் நின்றது, நான்தான் இருவரையும் என் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். போகும் வழியில், அந்தம்மா ரொம்பக் கெட்டி என்றார் அவர். ஆமாம் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அண்ணன் கியர்பாக்ஸை ஏற்றிவிட்டார். மகனுக்கு ஃபோன் செய்து, அம்மாவுக்கு இங்கே வேலை இருக்கிறது, லீவு கிடைத்தால் வருகிறோம் என்று சொன்னார், இந்த முறை அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்.

மறுநாள் காலையில் மில் பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா கையில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், என்ஜின் ஓடியது. கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். எது நகரப் போகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் நாங்கள் எல்லோரும் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டோம். குப்பண்ணன் மட்டும் எதையும் பிடிக்கவில்லை, இன்னொரு முறை திரும்பினாலும் திரும்பும் என்ற ஆசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வேன் நகர்ந்தது. தெரு நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே பேச்சும் சிரிப்பும் ஆரம்பித்துவிட்டன. வாசலில் நின்ற அண்ணன், வேன் தன்னைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். அக்காவின் இடது கால், கியர் போட்டு முடித்த பிறகும், கிளட்ச் மிதியின் மேலேயே இருந்தது. அவர் சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, வேனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.